துரை கொல்லை மண்

வரப்பில் ஏறியதும் பாக்கியமேரி நின்றுவிடுவாள். இடது செருப்பைக் கழற்றி வரப்போரக் கருங்கல்லில் மூன்று முறை தட்டுவாள். பிறகு வலது செருப்பு. ஒட்டியிருந்த செம்மண் உதிர்ந்து கொல்லைக்குள்ளேயே விழுந்த பிறகுதான் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். மழை நாளில் மண் கட்டியாய் அப்பியிருந்தால் குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் நகர்வாள். பக்கத்து நிலத்து அம்சா, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் முப்பது வருடமாக இதைப் பார்த்துவருகிறாள். பாக்கியமேரி எல்லா நிலத்திலும் இப்படிச் செய்வதில்லை. தொட்டிக் கொல்லை மண்ணும் மேட்டுக் காணி மண்ணும் அவள் காலோடு வாசல் வரை தாராளமாக வரும். துரை கொல்லை மண் மட்டும் வராது.

அங்கே கல்லறை இருக்கிறது, அதற்குக் கொடுக்கும் மரியாதை என்று அம்சா நினைத்திருந்தாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

கூட்டேரிப்பட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். பாக்கியமேரிக்கு அறுபது வயது. குள்ளமான, காய்ந்த உடம்பு. புடவைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் ஜெபமாலையும் மோட்டார் கொட்டகைச் சாவியும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். மல்லாட்டைச் செடி ஒன்றைப் பிடுங்கி, ஒரு நிலக்கடலைக் காயை உடைத்து, ஓட்டின் உட்புறம் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னும் எட்டு நாளு" என்பாள். ஒன்பதாவது நாள் பிடுங்கியவர்கள் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த எட்டு நாளைச் சொல்ல அவளுக்கு நேரமாகும். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. முந்தானையை இழுத்துச் செருகுவாள். எதிரே இருப்பவர் தலைக்கு மேல் எதையோ பார்ப்பாள். "இரு, ரோசன பண்ணி சொல்றேன்" என்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் இதே கதைதான். சென்னையிலிருந்து போனில் பேசும் மகள் ஜெர்லின், லைன் போய்விட்டதென்று நினைத்து வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவாள். ஒருமுறை பேருந்தில் நடத்துநர் பொறுமையிழந்து, "எம்மா, விழுப்புரமா, திருவெண்ணெய்நல்லூரான்னு தான் கேட்டேன். கண்ணாலத்துக்கு சம்மதமான்னா கேட்டேன்?" என்றார். பேருந்தே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்த பிறகும் இரண்டு மரம் கடந்துதான் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. பெரியதச்சூரில் பிறந்த வீட்டில் அவளுக்கு வெடுக்கு என்று பட்டப்பெயர். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லிவிடுவாளாம். பத்தொன்பது வயதில் சவுரிராயனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் மாதம் அப்படி வெடுக்கென்று சொன்ன ஒரு பதிலோடு அந்த வழக்கம் நின்றது.

அதற்கு முன்னால் துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. பெயர்கூடத் தெரியாது. கம்பெனிக் காலத்தில் அவுரி பயிரிட்டுச் சாயம் காய்ச்சி அனுப்பிய வெள்ளைக்காரர். இங்கே நூறு காணி, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஆற்றோரம் அறுபது காணி, பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த வீடு ஒன்று. மாமனார் இதை மந்திரம் போல ஒப்பிப்பார். துரைக்கு ஒரு மனைவி, மூன்று பிள்ளைகள். இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சல் கொண்டுபோனது. மனைவி பிரசவத்தில் போனாள். மூவரையும் துரை கொல்லை என்கிற இந்த இரண்டு காணியில்தான் புதைத்தார். பிறகு மிஞ்சிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரியில் கப்பல் ஏறினார். ஏறும் முன் தன் மேஸ்திரியைக் கூப்பிட்டு, மற்றதையெல்லாம் விற்றாயிற்று, சாயத் தொட்டிகள் இருக்கும் கொல்லையையும் மேட்டையும் நீ வைத்துக்கொள், கல்லறை இருக்கும் கொல்லையை மட்டும் நான் திரும்பி வரும் வரை பார்த்துக்கொள் என்றார்.

மேஸ்திரியின் வம்சம் இந்த வீடு. பார்த்துக்கொள் என்றதை அவர்கள் விடவில்லை. வருடா வருடம் கல்லறைத் திருநாளில் அந்தச் செங்கல் மேட்டில் மூன்று மெழுகுவத்தி. யார் வத்தி ஏற்றுகிறார்களோ அவர்களுக்கே அந்த வருடம் உழும் உரிமை. கிணறு அந்தக் கொல்லையில்தான் இருக்கிறது. மற்ற நிலங்களுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். ஆறு தலைமுறை உழுது, விதைத்து, அறுத்துத் தின்ற பிறகும் கேட்டால் சொல்வார்கள்: "அது துரையோடது. நாம பாத்துக்கினு கீறோம்."

எண்பத்து நாலில் புதுப் பட்டாவுக்காக நிலங்களை அளந்து எழுதினார்கள். ஆண்கள் எல்லோரும் மயிலத்துக்குப் போயிருந்த ஒரு நாள், வெயிலில் நின்ற அளவுக்காரருக்குப் புதுமருமகள் செம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். குடித்துவிட்டு அவர் கேட்டார், இது யாருடையது என்று. அவள் வீட்டில் மூன்று மாதமாகக் கேட்டதைச் சொன்னாள். "துரையோடது. நாங்க பாத்துக்கினு கீறோம்." அவர் எழுதிக்கொண்டார். நல்லா சொன்னம்மா என்றும் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்துப் பட்டா வந்தது. தொட்டிக் கொல்லை இருந்தது. மேடு இருந்தது. துரை கொல்லை அனாதீனம் என்று ஏறியிருந்தது. கேட்பாரில்லாத நிலம், சர்க்காருக்குச் சொந்தம். உங்கள் வீட்டிலேயே துரையுடையது என்று சொன்னார்களாமே என்றார் கிராமத்துக் கணக்குப் பார்ப்பவர். சவுரிராயன் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "நீதான் சொல்லியிருப்ப. வாயத் தொறந்தா துரை, துரைன்னு. பெத்த புள்ளைக்கு மண்ண அள்ளிப் போட்டுட்டியே." அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள் பாக்கியமேரி. வயிற்றில் ஏழு மாதம். மாமனார் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பி, "ஆமா, நான்தான் சொன்னேன். இன்னா இப்ப?" என்றார்.

அன்றிலிருந்து சவுரிராயன் அப்பாவோடு பேசவில்லை. ஒரே வீட்டில் பதினோரு வருடம். உங்க மாமன சாப்பிடச் சொல்லு, உம் புருஷன விதை எடுக்கச் சொல்லு என்று ஒவ்வொரு சொல்லும் பாக்கியமேரியின் வாய் வழியாகவே போய் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவே நின்று அவள் அதையே திருப்பிச் சொல்வாள். தனியாக இருந்தபோது ஒரே ஒரு முறை மாமனாரிடம் ஏன் மாமா என்று கேட்டாள். "நீ இன்னா தப்பா சொல்லிட்ட? இந்த வூட்ல எல்லாரும் சொல்றதத் தான சொன்ன" என்றார் அவர். செருப்பைத் தட்டும் பழக்கம் அந்த மாதத்தில் வந்தது. நம்முடையது இல்லை என்று சொன்ன வாய். மண்ணை மட்டும் காலில் ஒட்டிக்கொண்டு போக அவளுக்கு மனம் வரவில்லை.

மாமனாரைக் கோயிலுக்குப் பின்னால் அடக்கம் செய்த அன்று எல்லோரும் குழியில் ஒரு பிடி மண் போட்டார்கள். சவுரிராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சென்ற மாசி மாதம் மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. துரை கொல்லையில் துணை மின் நிலையம் வருகிறது. ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் சொல்ல வேண்டும். பாக்கியமேரி அதை எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தாள். கொல்லை போனால் கிணறு போகும். கிணறு போனால் மற்ற நிலங்கள் பேருக்குத்தான் இருக்கும். திண்டிவனத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் கொழுந்தன் இருதயநாதன் மனு எழுதிக்கொடுத்தார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அந்தப் பதினைந்து நாளில் அவள் சோற்றை இரண்டு முறை கரியவிட்டாள். நாற்பது வருடத்தில் முதல் தடவை.

விசாரிக்க வந்த வருவாய் ஆய்வாளர் புனிதா சின்னப் பெண். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கல்லறைக்குப் பக்கத்து வேப்பமர நிழலில் நின்று பழைய நகல் ஒன்றைப் பிரித்தாள். சர்வேயர் தேவா கிணற்றை அளந்துகொண்டிருந்தார். சவுரிராயன் வரப்பில் உட்கார்ந்திருந்தார், இருதயநாதனும் பாக்கியமேரியும் பக்கத்தில் நின்றார்கள். அம்சா வேலைக்கு நடுவே அரிவாளோடு வந்து நின்றாள்.

நிலம் உங்கள் அனுபவத்தில்தான் இருக்கிறது, கரண்ட் கனெக்‌ஷன் உங்கள் பேரில்தான் இருக்கிறது, அதெல்லாம் சரி என்றாள் புனிதா. ஆனால் இந்தக் குறிப்பு இருக்கிறதே. உங்கள் வீட்டில் விசாரித்ததில் துரைக்குச் சொந்தம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறது. "யாரு சொன்னதுங்க? விவரம் தெரியாதவங்க சொன்னதுன்னா தப்பா பதிவாயிடுச்சின்னு நான் எழுதலாம். வூட்டுப் பெரியவரே எங்களுது இல்லன்னு சொல்லியிருந்தா, அதுக்கு மேல எழுத என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"பெரியவரேதான்" என்றார் இருதயநாதன். "எங்கப்பாவுக்குப் பெத்த புள்ளைங்களவிட துரை மேல பாசம் ஜாஸ்தி, மேடம்."

"அந்தாளப் பத்தி பேசாத" என்றார் சவுரிராயன், தரையைப் பார்த்தபடி. "பேசுனா எனக்கு வாய்ல அசிங்கமா வரும்."

புனிதா பேனாவைத் திறந்தாள். அப்போ அப்பா சொன்னதுன்னே எழுதிடட்டுமா என்று கேட்டாள்.

"நான்தாம்மா சொன்னேன்."

அம்சா திரும்பிப் பார்த்தாள். பாக்கியமேரி முந்தானையைச் செருகவில்லை, மேலே பார்க்கவில்லை. கேள்வி முடிந்ததுமே பதில் வந்துவிட்டது.

"கண்ணாலம் ஆயி மூணு மாசம். தண்ணி எடுத்துக்கினு வந்தேன். யாருதுன்னு கேட்டாரு. வூட்ல எல்லாரும் சொல்றதச் சொன்னேன். மாமா அன்னிக்கி ஊர்லயே இல்ல. எனக்காக அவரு ஏத்துக்கினாரு."

அப்போ உங்களுக்கு எத்தனை வயது என்று கேட்டாள் புனிதா.

"பத்தொம்போது. எட்டாவதோட நின்னுட்டேன். பட்டான்னா இன்னான்னு தெரியாது."

புனிதா அதையெல்லாம் எழுதி, படித்துக் காட்டினாள். பாக்கியமேரி ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுக் கையெழுத்திட்டாள். தேவா நாடாவைச் சுருட்டும் சத்தம் கேட்டது. புருஷன் இருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை. வரப்பிலிருந்து அவர் எழுந்து போவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் முன்னாலும் அவள் பத்தடி பின்னாலும் நடந்தார்கள். புளியமரத்தடியில் அவர் நின்றார். திரும்பாமல், "பதினோரு வருஷம்டி" என்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருப்பவர் போல நின்றார். அவர் மறுபடி நடந்தார்.

மறுநாள் காலை சவுரிராயன் துரை கொல்லைக்குப் போய்த் துண்டில் மண்ணை முடிந்துகொண்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்ததை, மோட்டார் போட வந்த பாக்கியமேரி பார்த்தாள். திரும்பும்போது துண்டு வெறுமையாகத் தோளில் கிடந்தது.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஃபைல் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் போயிருக்கிறது. பட்டா வரவில்லை. மின் நிலையமும் வரவில்லை. நோட்டீஸின் கீழ்ப்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. துரை கொல்லையில் மல்லாட்டை பூ விட்டிருக்கிறது. சவுரிராயன் மனைவியோடு பேசுவதில்லை. கேப்பை மாவு தீர்ந்துவிட்டது என்றால் அவர் சென்னைக்குப் போன் போட்டு மகளிடம் சொல்கிறார். ஜெர்லின் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்கிறாள். அடுத்த அறையிலிருந்து அந்தப் பேச்சு முழுவதும் முதலிலேயே காதில் விழுந்திருந்தாலும், மகள் சொல்லி முடிக்கும் வரை பாக்கியமேரி கேட்டுக்கொள்கிறாள்.

பத்து மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு அவள் வரப்பில் ஏறுகிறாள். கருங்கல்லுக்குப் பக்கத்தில் கால் தானாக நிற்கிறது. கீழே பார்க்கிறாள். செருப்பைக் கழற்றாமல் நடக்கிறாள். துரை கொல்லைச் செம்மண் இப்போது வாசல் வரை வருகிறது. சவுரிராயன் அதைக் கூட்டுவதும் இல்லை, கூட்டச் சொல்வதும் இல்லை.