அட்ரினல் சுகந்தி

எங்கள் ஊரில் வந்து சுகந்தி வீடு எது என்று கேட்டால் எந்த சுகந்தி என்பார்கள். ‘அட்ரினல் சுகந்தி’ என்று கேளுங்கள், வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். என் கொழுந்தன் நாகேந்திரனுக்கு வாக்கப்பட்டு வந்தவள், எனக்கு ஓரகத்தி. இந்த இராமலட்சுமிக்குக் காது செவிடாகிப் போனால் அதற்கு அவள் வாய்தான் காரணம்.

கமுதிப் பக்கத்து மிளகாய்க் களத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாக வற்றல் காயப்போட்டவர்கள். கோடையோடு களத்து வேலை முடிந்துவிடும். போன வருஷம் அந்த ஓய்வில், போனில் ஏதோ கம்பெனிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மூலிகைப் பொடி விற்கக் கிளம்பினாள். அமுக்கராக் கிழங்கு, அதிமதுரம், துளசி எல்லாம் அரைத்த பொடி. மன உளைச்சல் ஓடிவிடுமாம். கிட்னிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தெம்பாகிவிடுமாம். கோழிக்குத் தீனி போடும்போதும் இதே பேச்சுதான்.

“அடியே, அந்தச் சுரப்பிய நீ கண்ணால பாத்திருக்கியா?” என்றேன்.

“நீ ஒன் ஈரலப் பாத்திருக்கியாக்கா?” என்றாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

அப்போது எனக்கு உடம்பு சரியில்லை. எழுந்தால் தலை சுற்றும், குடத்தைத் தூக்கினால் கால் நடுங்கும். சோறு இறங்காது. கல்லுப்பை மட்டும் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருப்பேன். “வாலிநோக்கத்து உப்பளத்தையே முழுங்கிருவ போல” என்று சுகந்தி சிரிப்பாள். உடம்பும் கருத்துக்கொண்டே வந்தது. களத்து வெயில், மிளகாய்க் காரம் என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். களத்தில் கிடப்பவள் கருக்காமல் வேறென்ன செய்வாள்? என் வீட்டுக்காரர் தங்கசாமி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, “வெயில்ல கருத்ததுக்கு டாக்டரா?” என்று அவர் வாயை அடைத்ததும் நான்தான்.

சுகந்தி பொடியைப் பாலில் கலக்கிக் கொடுத்தாள். பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் தெம்பு வந்தது. அவ்வளவுதான், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போகிற ஊருக்கெல்லாம் ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய், “இந்தா நிக்கிறாகளே எங்க அக்கா, படுத்த படுக்கையாக் கெடந்தவுக” என்று அளப்பாள். நான் எந்தக் காலத்திலடி படுக்கையில் கிடந்தேன்?

ஆடி மாதம் மாரியூரில் மீன் ஏலக் கொட்டகையில் பெண்கள் கூடியிருந்தார்கள். அன்று காலையிலிருந்தே எனக்குக் குமட்டல். வரவில்லை என்றால் அவள் முகம் சுண்டிப்போகும், அதைப் பார்க்க மனசில்லாமல் போனேன். அவளும் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

“நானும் எங்க அக்காவும் ஒண்ணா மொளகாக் களத்துல வெந்தவுக. இந்தக் கையப் பாருங்க!”

என் கையைத் தன் கையோடு சேர்த்து, உள்ளங்கை தெரியத் தூக்கிக் காட்டினாள். அப்படியே பேச்சு நின்றுவிட்டது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் பாதிப் பேச்சில் நின்று நான் பார்த்ததே இல்லை. அவள் கை களத்துக் கருப்பெல்லாம் போய் வெளுத்திருந்தது. என் உள்ளங்கை ரேகை ஒவ்வொன்றும் கரி தடவினதுபோல் இருந்தது. என் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள். அதுவும் கருப்பு.

“களத்த விட்டு ரெண்டு பேரும் ஒண்ணாத்தானக்கா வந்தோம்? வெயிலு ஒன் வாய்க்குள்ளயா அடிச்சுச்சு?” என்றாள்.

“ஏந்தாயி, பொடியக் குடு” என்று ஒரு அம்மா கையை நீட்டினாள்.

“இன்னைக்கு யாவாரம் இல்ல ஆத்தா. எங்க அக்காவுக்கே இது கேக்கல” என்று பையைச் சுருட்டினாள்.

இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்தி, தன் துப்பட்டாவால் என் இடுப்பைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். “விழுந்தா ரெண்டு பேரும் சேந்து விழுவோம், சும்மா சாஞ்சுக்க” என்றாள். அப்போதும் அதட்டல்தான்.

ஆஸ்பத்திரியில் ஊசி, குளுக்கோஸ், இரத்தச் சோதனை எல்லாம் முடிந்து நான் கண் விழித்ததும் டாக்டரம்மா கேட்டார், “அட்ரினல்னு ஒரு சுரப்பி இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுகந்தி ஓவென்று அழுதாள்.

அந்தச் சுரப்பிதான் எனக்குப் பழுதாம். உடம்பு கருத்ததும் உப்புக்கு நாக்கு அலைந்ததும் அதனால்தானாம். பொடியிலிருந்த அதிமதுரம் நோயைக் கொஞ்ச காலம் வெளியே தெரியாமல் மூடி வைத்திருக்கிறது. இன்னும் தள்ளிப்போயிருந்தால் உயிர் தங்கியிருக்காது. இனிக் காலத்துக்கும் மாத்திரை, ஒரு வேளைகூட விடக்கூடாது.

“நாந்தானக்கா ஒன்னயக் கெடுத்தேன்” என்று விசும்பினாள்.

“போடி கிறுக்கச்சி. கைய யாரு பாத்தது?” என்று நான் அதட்டினேன். என் கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்திருந்தால்கூட இந்தக் கழுதையைப்போல என்னைப் பார்த்திருக்க மாட்டாள்.

பொடி விற்பதை அவள் இன்னும் விடவில்லை. ஆனால் பையைத் திறக்கும் முன் கேட்கிறாள்: “ரொம்ப நாளா அசதியா? கருத்துக்கிட்டு வாரீகளா? வேற மாத்திரை சாப்பிடுறீகளா? அப்ப மொதல்ல டாக்டரப் பாருங்க.” கம்பெனிக்காரர்களுக்கு அவள்மேல் கோபமாம். “கெடக்குறாங்ய” என்கிறாள்.

இன்றும் கூட்டத்தில் என் கையைத் தன் கையோடு சேர்த்துத் தூக்கிக் காட்டுகிறாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. பேச்சு முடிந்த பிறகும் அவள் பிடியை விடுவதில்லை. நானும் கையை உருவிக்கொள்வதில்லை.