எஸ்தர் அக்காவும் பிஸ்கட்டின் பற்களும்

வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு எங்கள் குரோம்பேட்டை மருத்துவமனையில் நான் உட்காரும் வரவேற்பு மேசையில் தொலைபேசி ஒலித்தது. பள்ளிக்கரணையில் எஸ்தர் அக்கா குடியிருந்த அடுக்ககத்தின் காவலாளி துரை பேசினார்.

"எக்ஸ்ரே அக்கா நாற்காலில உக்காந்தபடியே கீறாங்கம்மா. கூப்ட்டா எந்திரிக்கல. கதவு தொறந்துதான் கீது. பூனை கத்திக்கினே கீது."

ஆம்புலன்ஸை அனுப்பினேன். அது திரும்பி வந்தபோது சைரன் ஒலிக்கவில்லை. வாசலுக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எஸ்தர் அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. எங்கள் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். நான் சேர்ந்தது அவருக்குப் பத்து வருடம் கழித்து. முதல் வாரத்திலேயே, எலும்பு முறிந்து வருகிறவர்களைப் பெயர் எழுதச் சொல்லி நிற்க வைக்காதே, முதலில் உட்கார வை, பெயர் எங்கேயும் ஓடிவிடாது என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. அவருடைய குரலே தணிந்த குரல்.

கணவர் சாமுவேல் அண்ணன் கல்லூரிப் பேருந்து ஓட்டினார். குழந்தைகள் இல்லை. பேருந்து நிறுத்துமிடத்தில் கிடந்த ஒரு பூனைக்குட்டியை அவர்தான் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, நிறத்தைப் பார்த்துப் பிஸ்கட் என்று பெயர் வைத்தார். பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. அண்ணன் திரும்பி வரவில்லை. அக்கா பிழைத்தார். ஆனால் அவருடைய மூக்கிலிருந்து வாசனை போனது போனதுதான். மல்லிகையும் தெரியாது, கருகிய பாலும் தெரியாது. அதைப் பற்றி அவர் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. பெரிய இழப்புக்குப் பக்கத்தில் அது சின்னது என்று நினைத்திருப்பார்.

சென்ற வருடத்துக்கு முந்தைய வருடம் கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் ஐந்து பேர் அவர் வீட்டுக்குப் போனோம். கேக் வெட்டி, தட்டில் வைத்துக் கொடுத்தார். பிஸ்கட்டுக்கு அப்போது பதின்மூன்று வயது. அது வந்து என் மடியில் ஏறிக் கொட்டாவி விட்டது. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? அழுகிய இறைச்சியை நாள் கணக்கில் மூடி வைத்துத் திறந்ததுபோல் இருந்தது. சோபாவிலும் திரைச்சீலையிலும் அதே வாடை ஊறியிருந்தது அப்போதுதான் உறைத்தது. கால் மணி நேரத்தில் எல்லோரும் எழுந்துவிட்டோம். கேக்கைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அதை வழியில் போட்டுவிட்டோம்.

மறுநாள் கேன்டீனில் ஒருத்தி, இனி அந்த வீட்டுக்கு இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஈஸ்டருக்கு அவர் பிரியாணி செய்து எங்களை அழைத்தார். யாரும் போகவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு ஊர்ப்பயணம், எனக்கு மகளின் பரீட்சை. மகளுக்குப் பரீட்சை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அத்தனை பிரியாணியையும் அவர் காவலாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார் என்று பிறகு துரை சொல்லித் தெரிந்தது.

அடுத்த வாரம் என்னை எக்ஸ்ரே அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கவிதா, உண்மையச் சொல்லு. புருஷன் செத்த வீட்ல சாப்பிடக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

இத்தனை மாதமும் அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதெல்லாம் இல்லை அக்கா, பிஸ்கட்டின் வாய் நாறுகிறது, வீடே நாறுகிறது, உங்களுக்குத் தெரியவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவமானப்படுவார் என்று நினைத்தேன்.

"எப்போலேருந்து?" என்றார்.

"கிறிஸ்துமஸ்லேருந்துக்கா. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது."

விரல்விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு, "அப்போ நாலு மாசமா அதுக்கு வலிச்சிருக்கு" என்றார்.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூனை பசியோடு தட்டுக்கு ஓடிவரும், ஒரு வாய் வைத்ததும் சீறிக்கொண்டு பின்வாங்கும், ஒரு பக்கமாகவே மெல்லும், காலால் தாடையைத் தேய்க்கும், எச்சில் வடியும். எல்லாவற்றையும் அவர் பார்த்திருக்கிறார். கிழவன் ஆகிவிட்டான், அதனால்தான் என்று நினைத்துச் சோற்றை இன்னும் குழைவாகப் பிசைந்து வைத்திருக்கிறார். வாசனை ஒன்று தெரிந்திருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்.

அன்று மதியமே விடுப்பு எடுத்தார். நானும் கூடப் போனேன். தாம்பரத்தில் ஒரு கால்நடை மருத்துவர். பிஸ்கட்டின் உதட்டை விலக்கிக் காட்டினார். ஈறு ரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தது. பற்களின் மேல் பழுப்பாகக் காரை கெட்டித்துப் போயிருந்தது. அக்கா மெதுவாக, வயதானதால் வந்ததா என்று கேட்டார்.

"வயசு நாறாதும்மா. சீழ்தான் நாறும்" என்றார் மருத்துவர்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையாவது கொடுத்தீர்களா என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. மனிதர்கள் காய்ச்சலுக்குப் போடும் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடுமாம். அக்கா கொடுத்திருக்கவில்லை. சிறுநீரகம் கெட்டாலும் சர்க்கரை இருந்தாலும்கூட வாய் நாறலாம், மயக்க மருந்தையும் உடம்பு தாங்க வேண்டும் என்று முதலில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சிறுநீரகம் கொஞ்சம் பழுதாகித்தான் இருந்தது. ஆனாலும் பற்களை அப்படியே விடுவது அதைவிட ஆபத்து என்றார் மருத்துவர். அக்கா கையெழுத்துப் போட்டார்.

தாடையின் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டார்கள். மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே அக்காவின் விரல் ஒரு வேரின் அடியில் இருந்த கறுப்பைத் தொட்டது. "எலும்பு கரைஞ்சிருக்கு" என்றார். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டார். இருபத்தாறு வருடம் ஊராருடைய எலும்புகளைப் பார்த்தவர், அன்றைக்கு அந்தத் திரையை இரண்டாம் முறை பார்க்கவில்லை.

ஒன்பது பற்களை எடுத்தார்கள். இரண்டு நாள் பிஸ்கட் ஒன்றும் தின்னவில்லை. மூன்றாம் நாள் காலையில், உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிக் கூழாக்கிய மீனை நக்கியது. எனக்குத் தொலைபேசியில் சொல்லும்போது அக்கா அழுதார். சாமுவேல் அண்ணனின் அடக்கத்தன்றுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை.

அதன் பிறகு தினமும் விரலில் துணி சுற்றி, பூனைக்கென்று விற்கும் பற்பசையைத் தொட்டு மீதிப் பற்களைத் தேய்ப்பார். ஆரம்பத்தில் கை முழுக்கக் கீறல். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அழைப்பார். "வந்து மோந்து பாத்துட்டுப் போ. எனக்கு உன் மூக்குதான்." நான் போய் அதன் வாயை முகர்ந்து, நன்றாக இருக்கிறது அக்கா என்பேன். அதற்கப்புறம்தான் காப்பி போடுவார். வீட்டில் இப்போது வாடை இல்லை என்று மற்றவர்களிடம் பலமுறை சொன்னேன். போகலாம் போகலாம் என்றார்கள். கடைசி வரை ஒருவரும் போகவில்லை.

இறப்பதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை, இடது தாடையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையின் மாடிப்படி ஏறி வந்தார். என்ன என்றேன். மூன்று நாளாகக் கீழ்ப்பல் வலிக்கிறது, படி ஏறினால் அதிகமாகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்றார்.

"எனக்கும் பல்லு போச்சு போல. அவனுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு."

நான் பாடம் கற்றவள். இந்தமுறை தயங்கவில்லை. தள்ளிப்போடாதீர்கள் என்று கண்டித்து, அவர் எதிரிலேயே பல் மருத்துவருக்குத் தொலைபேசி செய்து சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தேன்.

அது பல் இல்லை. மாரடைப்பு சிலருக்கு, அதுவும் பெண்களுக்கு, தாடை வலியாகவும் வரும் என்று எங்கள் மருத்துவர் வெள்ளிக்கிழமை மாலை சொன்னார். இதய மருத்துவரின் அறை எக்ஸ்ரே அறையிலிருந்து இருபது அடி. படி ஏறினால் வலிக்கிற பல் உலகத்தில் உண்டா என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர், மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அடக்கத்துக்கு நாகர்கோவிலிலிருந்து அவருடைய தம்பி வந்திருந்தார். நல்ல மனிதர். பூனையைத் தெருவில் விட்டுவிடலாம், அது பிழைத்துக்கொள்ளும் என்றார். அதற்கு ஒன்பது பல் கிடையாது என்றேன். அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

திங்களன்று கூடையோடு போனேன். பிஸ்கட் பீரோவின் அடித்தட்டில், அக்காவின் புடவைகளுக்குள் போய்ப் புகுந்திருந்தது. இழுக்க மனம் வரவில்லை. தரையில் உட்கார்ந்தேன். தம்பி அடுத்த அறையில் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வெயில் இறங்கியபின் அது தானாக வெளியே வந்தது. தண்ணீர் குடித்தது. சமையலறை, குளியலறை, கட்டிலின் அடி என்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்தது. இரண்டாவது முறையும் சுற்றிவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தது. தூக்கினேன். எடையே இல்லை.

அக்கா, முதலில் தாமதமாகச் சொன்னேன். கடைசியில் தவறாகச் சொன்னேன். இரண்டுக்கும் நீங்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, இனிக் கடிந்துகொள்ளவும் வழியில்லை. பிஸ்கட் இன்று காலையில் இரண்டு கரண்டி மீன் தின்றது. அதற்குமேல் உங்களுக்குச் சொல்ல நல்ல செய்தி என்னிடம் இல்லை. தூங்குங்கள்.