மீனுக்கு ஒரு கறுப்புப் புள்ளி

அந்த அச்சுக்கூடத்தில் கடைசிக் கலரை இழுப்பவர்தான் அச்சடித்தவர். மற்றவர்கள் கூடமாட உதவியவர்கள், அவ்வளவுதான். இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. வீட்டின் கீழ்த்தளத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான் நடந்து வந்தது. கடைசிக் கலர் காய்ந்ததும் முதல் துணிப்பையை எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுப்பதும் அவரே. வாடிக்கையாளர் 'அடடா' என்று சொன்னால் அந்த அடடா அவருக்குத்தான் சேரும்.

பெரிய மருமகள் அந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கடைசிக் கலர் அவள் கைக்கு வந்துவிட்டது. கடைசிக் கலர் என்றால் கறுப்பு. பூவோ பறவையோ, எதை அச்சடித்தாலும் ஒவ்வொரு நிறத்துக்கும் சட்டத்தில் வலைத்துணி இழுத்துக் கட்டிய தனி ஸ்கிரீன் வேண்டும். மஞ்சள் முதலில், சிவப்பு அடுத்து, பிறகு பச்சை என்று வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போவார்கள். அதுவரைக்கும் துணியில் இருப்பது பூவா, யாராவது சாயத்தைக் கொட்டிவிட்டார்களா என்று சொல்ல முடியாது. பெரியவள் தன் ஸ்கிரீனை மேலே இறக்கி, ரப்பர்க் கட்டையால் கறுப்பு இங்க்கை ஒரே இழுப்பாக இழுத்துத் தூக்குவாள். இதழ் இதழாகும், அலகு அலகாகும். பக்கத்தில் உட்கார்ந்து பைகளை மடிக்கும் மாமியார், "எங்க பெரியவ கோடு போட்டா பூனையும் புலியாயிடும்" என்பார். தெருவில்கூட அவளுக்கு 'கடைசிக் கலர்' என்றுதான் பெயர். கேலியாகத்தான் சொன்னார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அப்புறம் கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள்.

சின்னவள் பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை பார்த்தவள். அச்சுக்கூடத்துக்கு வரும் வாடிக்கையாளர் ஒரு பழைய புடவைத் துண்டை நீட்டி இதே நிறம் வேண்டும் என்றால், அதை ஒரு தடவை பார்ப்பாள். டப்பாக்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்குவாள். அப்புறம் துண்டையும் கலக்கிய கரண்டியையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள். எது துணி, எது இங்க் என்று கண் தடுமாறும். பெரியவளின் கணவன் அந்தக் கரண்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாத்தியா இந்த ஆரஞ்ச?" என்று பெண்டாட்டியிடம் கேட்டான்.

"பாத்தேன், பாத்தேன். சொட்டுது, தரையெல்லாம் ஆகுது" என்றாள் பெரியவள்.

இத்தனை வருஷத்தில் அவள் போட்ட ஒரு கோட்டைக்கூட அவன் ஜன்னல் பக்கம் கொண்டுபோனதில்லை. வயிறு எரிந்தது. எரிகிறது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் சின்னவளிடம் குற்றம் தேட ஆரம்பித்தாள். இங்க் டப்பாவைத் திறந்து போட்டிருக்கிறாளா என்று அவள் எழுந்து போனதும் போய்ப் பார்ப்பாள். மூடி இறுக்கமாக இருக்கும். மூடிக்குக் கீழே காற்றுப் புகாமல் ஒரு பிளாஸ்டிக் தாளும் இருக்கும். ஸ்கிரீனைக் கழுவாமல் விட்டிருப்பாளா என்று பார்த்தால், பெரியவளுடைய ஸ்கிரீனும் சேர்த்துக் கழுவப்பட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும். சண்டை போட ஒரு சாக்குகூடக் கொடுக்காதவளை என்னதான் செய்வது? மாமியார் வேறு இப்போதெல்லாம் பூனையையும் புலியையும் மறந்துவிட்டு, "சின்னவ கையில என்னவோ இருக்கு" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் தொட்டிமீன் கடைக்காரர் வந்தார். கடைக்குப் பைகள் வேண்டும், மீன் படம் போட்டு, பார்த்தவர்கள் மறக்கக் கூடாது என்றார். சின்னவள் படம் வரைந்து காட்டினாள். வாலை விரித்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றாக நீந்தும் மீன்கள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பெரியவள் மட்டும் வேறொன்றைத் தேடினாள்.

"இதுல கறுப்பு எங்க?"

"கறுப்பு வேண்டாம் அக்கா. மஞ்சள், ரோஸ், நீலம், அவ்வளவுதான். இங்க்ல நிறமில்லாத பேஸ் கொஞ்சம் அதிகமா சேத்தா கண்ணாடி மாதிரி ஆயிடும். அடியில இருக்கறது தெரியும். மஞ்சள் மேல நீலம் விழுந்தா பச்சை, ரோஸ் மேல விழுந்தா ஊதா."

"கோடு இல்லாம மீன் எது தண்ணி எதுன்னு எப்படித் தெரியும்?"

"நிறமே காட்டிடும் அக்கா."

"கண்ணு?"

"மூணும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா கறுப்பு மாதிரியே வந்துடும்."

"மாதிரி வேற, கறுப்பு வேற" என்றாள் பெரியவள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"மூணே ஸ்கிரீன்ல இத்தனை கலரா? இவ்வளவு நாளா நாம என்னதான் பண்ணிட்டு இருந்தோம்?" என்று சிரித்தான் கணவன். கடைசிக் கலர் யாருக்கு என்ற கேள்விக்கும் அவனே பதில் சொல்லிவிட்டான். "அவ டிசைன். நீலத்தை அவளே இழுக்கட்டும். நீ காய வைக்கிறத பாத்துக்க."

காய வைப்பது! ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் பையை எடுத்து ஹீட்டருக்குக் கீழே காட்டி, அடுத்த மேசையில் கொண்டுபோய் வைக்கும் வேலை. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை அது. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். இந்த ஒரு வேலை சின்னவளுக்குச் சரியாக வந்துவிட்டால் அடுத்த டிசைனிலும் கறுப்பு இருக்காது, அதற்கடுத்ததிலும் இருக்காது. கோடு இல்லையென்றால் அந்தக் கூடத்தில் அவளுக்கு வேலையும் இல்லை.

மஞ்சள் நன்றாக விழுந்தது. ரோஸும் பரவாயில்லை. சின்னவள் நீல ஸ்கிரீனைப் பொருத்தி, பையின் ஓரத்தை மேசையிலிருந்த தடுப்புப் பட்டையில் ஒட்டி வைத்து, இழுத்துத் தூக்கினாள்.

மீன் தோலிலிருந்து நழுவியிருந்தது. மஞ்சள் ஒரு பக்கம் பிதுங்கியது, நீலம் மறுபக்கம் வழிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வளையம் வளையமாக ஏதோ இருந்தது. அடுத்த பையில் அதே கோளாறு வேறு பக்கம். சின்னவள் ஸ்கிரீனைக் கழற்றி மாட்டினாள். தடுப்புப் பட்டையைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு பையும் வீணானது.

"மீனுக்குத் தூக்கக் கலக்கமா?" என்றார் மாமியார்.

என்ன கோளாறு என்று பெரியவளுக்கு முதல் பையிலேயே தெரிந்துவிட்டது. பருத்தித் துணி இரண்டு தரம் சூடு பட்டால் சுருங்கும். ஒரு பை சுருங்குகிற மாதிரி இன்னொன்று சுருங்காது. ஓரத்தைப் பட்டையில் ஒட்டி வைத்து இழுத்தால் படம் இடம் மாறத்தான் செய்யும். அதனால்தான் அவள் எப்போதுமே ஓரத்தை நம்ப மாட்டாள். ஸ்கிரீன் துணி வழியாக அடியில் இருக்கும் படத்தைப் பார்த்து, கட்டை விரலால் பையை நகர்த்தி, பிசகை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டுத்தான் இழுப்பாள். மிச்சத்தைக் கறுப்புக் கோடு மூடிக்கொள்ளும். யாரும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போதும் சொல்லவில்லை. ஹீட்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வீணான ஒவ்வொரு பைக்கும் உச்சி குளிர்ந்தது. இப்படிக் குளிர்கிறதே என்று கொஞ்சம் கூசவும் செய்தது. கூச்சம் தோற்றது.

சின்னவள் அழுதிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. கட்டையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பெரியவளிடம் வந்தாள்.

"அக்கா, எனக்குப் புரியல. உங்களுக்குப் புரிஞ்சிருக்குன்னு உங்க மூஞ்சியே சொல்லுது. நீங்க இழுங்களேன்."

பெரியவள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். கணவன் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இழுக்கறேன். ஆனா கண்ணுக்குக் கறுப்பு போடணும்."

"ஒரு புள்ளிக்கு ஒரு ஸ்கிரீனா?" என்றான் கணவன்.

"ஆமா."

"கொசு அளவு புள்ளிக்கு ஃபிரேம் கட்டி, மருந்து பூசி, லைட் காட்டி, கழுவி..."

"நீங்கதான செய்யப் போறீங்க, செய்யுங்க. கறுப்புக் கண்ணு இல்லாத மீன் செத்த மீன். செத்த மீனக் கையில தூக்கிட்டு யாரு தெருவுல நடப்பா?"

மீனுக்காகப் பேசுகிறாளா, தனக்காகப் பேசுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சின்னவள் வளையம் வளையமான அந்தக் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அக்கா சொல்றது சரிதான் மாமா. போட்டுடலாம்" என்றாள்.

பெரியவள் நீலத்தை இழுத்தாள். கோடு இல்லாத வேலை அவளுக்கும் புதிது. தவறினால் மூடிக்கொள்ள ஒன்றுமில்லை. முதல் பையில் அவளுக்கும் வால் கொஞ்சம் பிசகியது. அடுத்ததில் முகத்தை ஸ்கிரீனுக்கு அருகில் கொண்டுபோய், மூச்சை அடக்கி, விரலால் தள்ளி இழுத்தாள். தூக்கியதும் பச்சையும் ஊதாவும் ஒன்றாக எழுந்து வந்தன. அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. காய வைப்பதைச் சின்னவள் தானாகவே எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் புள்ளி. ஒவ்வொரு மீனுக்கும் கண் திறந்தது.

கடைக்காரர் வந்ததும் பெரியவள்தான் முதல் பையை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இந்த ஊதா இருக்கே, அடடா. இதை யாரு போட்டது?"

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சின்னவளின் குரல் வந்தது. "அக்காதான். அவங்க விரல் இல்லன்னா மீன் தண்ணிய விட்டு நழுவியிருக்கும்."

கடைக்காரர் பெரியவளைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. கடைசிக் கலர் அவளுடையது, அடடாவும் அவளுடையது. ஆனால் அதை அவளுக்கு எடுத்துக் கொடுத்தது சின்னவள். இதுவரை சின்னவளின் நிறத்துக்கு மட்டும்தான் பெரியவள் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாள். இனிமேல் குணத்துக்கும் சேர்த்துப் பட வேண்டும்.

கடைக்காரர் போன பிறகு இருவரும் தொட்டியடியில் ஸ்கிரீன்களைக் கழுவினார்கள்.

"துணி சுருங்குது" என்றாள் பெரியவள், நிமிர்ந்து பார்க்காமல். "ஓரத்தை நம்பாத. அடியில இருக்கிற படத்தைப் பாத்து நகர்த்து."

"சரிங்க அக்கா. அடுத்ததுல நீலம் நான் இழுத்துப் பாக்கட்டுமா?"

"பாரு. கறுப்பு என்னுது."