செவலையிடம் அவர் சொன்னது

எங்கள் செவலைப் பசு கன்று போட்டதிலிருந்து குடம் குடமாகக் கறந்தது. ஆனால் அடுத்த ஈற்றுக்கு எத்தனை சினை ஊசி போட்டும் தங்கவில்லை. "மலட்டு மாடுடா இது, ஓட்டிப்போய் வித்துடு" என்று என் கணவரிடம் மாமியார் சொன்னார். நான் நிமிரவில்லை. அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது.

வல்லத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் சோதித்துப் பார்த்தார். "மலடெல்லாம் இல்லைங்க. தின்றது பூரா பாலாப் போயிடுது. இன்சுலின் சொல்றத ஒடம்பு கேக்கல. அதான் சினை தங்கல. நல்லா தீனி வெச்சி, கொஞ்ச நாளு பொறுத்துப் பாருங்க."

பால் குவளையோடு நான் அங்கேயே நின்று கேட்டேன். போன வருஷம் செஞ்சியில் பெண் டாக்டரும் எனக்கு இதையேதான் சொன்னார். இன்சுலினை உடம்பு ஏற்கவில்லை, அதனால் கருமுட்டை வளரவில்லை, மருந்து சாப்பிட்டால் சரியாகும் என்றார். வீட்டில் சொன்னபோது என் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எல்லாம் சாக்கு" என்றார்.

அதே மனிதர் இப்போது டாக்டரிடம் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டார். டாக்டர் போனதும் செவலையின் கழுத்தைச் சொறிந்துவிட்டு, "நீ இன்னாம்மா பண்ணுவ, ஒடம்பு அப்டி. மெதுவா ஆவட்டும்" என்றார்.

செவலை இப்போது சினையாக இருக்கிறது. எனக்கும் சந்தோஷம்தான். அதற்குத் தண்ணீர் காட்டும்போது, யாரும் இல்லையென்றால், அவர் சொன்னதையே நானும் சொல்கிறேன். என் காதில் விழுகிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே.