தெம் என்றால் யார்

மாமா இருந்தார். மாமி இருந்தாள். அம்மா கதவோரம் நின்றாள். நடுவில் நான், மாமாவின் போனைப் பிடித்துக்கொண்டு.

அப்போது நாங்கள் சாரம் பகுதியில் மாமா வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குக் கம்பெனியில் ஒருத்தி உண்டு என்று அம்மாவுக்குச் சந்தேகம். என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா உழவர்கரையில் பெரியப்பாவோடு இருந்தார்.

பெரியப்பா கோர்ட்டில் கிளார்க். பேசுவது தமிழ், எழுதினால் இங்கிலீஷ்தான். மாமாவுக்கு மெசேஜ் போட்டிருந்தார். அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்தி. கான்வென்ட்டில் ஐந்தாவது.

வாசித்தேன். சண்டே ஐ வில் பிரிங் தெம் டுகெதர்.

பிரிங் என்றால் கொண்டு வருவது. டுகெதர் என்றால் ஒன்றாக. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை அவங்கள ஒண்ணா கூட்டியாறேன்னு போட்டிருக்கு" என்றேன்.

"அவங்கன்னா யாரு?" என்றாள் அம்மா.

"தெம்னா ஒருத்தர் இல்லம்மா. ரெண்டு பேராவது இருக்கணும்."

"டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க" என்றாள் மாமி. யாரும் சிரிக்கவில்லை.

போன் பண்ணிக் கேட்கலாம் என்றார் மாமா. அம்மா விடவில்லை.

"கேட்டா இல்லன்னுதாண்ணே சொல்லுவாங்க. அவளையும் சேத்து இட்டாந்து நிறுத்தி, ஒத்துக்கோன்னுவாங்க."

ஞாயிறு காலை மாமாவும் மாமியும் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தார்கள். ஆட்டோ வந்து நின்றது. அம்மா கதவைத் தாழ் போட்டாள். என்னை ஜன்னல் இடுக்கில் பார்க்கச் சொன்னாள். எத்தனை பேர் என்றாள்.

ரெண்டு என்றேன். பெரியப்பாவும் அப்பாவும் என்று சொல்வதற்குள் என் வாயைப் பொத்திவிட்டாள்.

கதவைத் தட்டினார்கள். பெரியப்பா அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா கையில் பூப்பொட்டலம் வைத்திருந்தார். பிறகு ஆட்டோ போய்விட்டது.

யார் வந்தது என்று அப்புறம் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

"நீ உங்கப்பன் பொண்ணுதானே" என்றாள்.

மூஞ்சியில் கதவைச் சாத்தின வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். அப்பாவும் வரவில்லை. அம்மாவும் போகவில்லை. இன்று வரை அப்படித்தான்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அந்த வருடம் டீச்சர் போர்டில் எழுதினார். பிரிங் டுகெதர், பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பது. நோட்டில் எழுதிக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

இங்கிலீஷாவது பிறகு புரிந்தது. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு அன்று என்ன வயது என்று நான் நினைத்துப் பார்க்கவே பல வருடம் ஆனது.

இருபத்தொன்பது.