இலை முகமூடிகள்

மெல்பர்னுக்கு வெளியே ஒரு மலைச்சரிவு, ஜூன் 1974; பூமியின் தென்பாதியில் இது நடுக் குளிர்காலம். ஆண்டின் மிக நீண்ட இரவு தொடங்கப்போகிறது. சூரியன் திரும்பி வரவேண்டும் என்று, யூகலிப்டஸ் இலைகளால் முகமூடி கட்டிய ஐம்பது பேர் நெருப்பைச் சுற்றி மெல்ல ஆடுகிறார்கள். பனியும் புகையும் கலந்ததில் எல்லோரும் மிதப்பதுபோல் இருக்கிறது. கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமல் படம் பிடிக்கிறேன். முப்பத்தாறாவது படத்தோடு பிலிம் தீர்கிறது. அந்த நேரம் பார்த்து, வழக்கப்படி எல்லோரும் முகமூடியைக் கழற்றி நெருப்பில் போடுகிறார்கள். அந்த முகங்களுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்!

"அட, பிலிம் தீந்துபோச்சே!" காலிக் கேமரா வழியாகவே பார்த்தபடி முனகுகிறேன்.

முகமூடி கழற்றிய ஒரு பெண் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத் தமிழில் கேட்கிறாள்: "எல்லாரும் கழட்டிப்போட்டினம். நீங்கள் மட்டும் ஏன் இன்னும் முகத்தை மூடிக்கொண்டு நிக்கிறியள்?"

கேமராவை இறக்குகிறேன். நெருப்பின் சூடு அப்போதுதான் முகத்தில் படுகிறது.