கரடி எதற்கு வந்தது என்று கேட்ட கமால் பாய்

போன வெள்ளிக்கிழமை காலை, காப்பிக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "டீச்சரம்மா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றான் கமால் பாயின் மகன். பாய் இறந்துவிட்டார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததை நான் கவனிக்கவில்லை. ஏற்காடு கடைவீதியில் மளிகை வாங்கிய உங்களுக்கெல்லாம் பாயைத் தெரியும். அரைக் கிலோ பருப்பு கேட்டால், எதற்கு, யார் வருகிறார்கள், எத்தனை பேர் என்று விசாரித்துவிட்டுத்தான் நிறுப்பார். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் வகுப்பில் கேள்வி கேட்டவளுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை.

ரிட்டயர் ஆனதும் நானும் என் கணவரும் தலைச்சோலைப் பக்கம், ஒரு காப்பி எஸ்டேட்டுக்குள் இருந்த ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். சுற்றிலும் சில்வர் ஓக்கும் பலாவும்தான். கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. மூன்றாம் வருஷம் அவர் போய்விட்டார். மகள் சேலத்துக்குக் கூப்பிட்டாள். அவர் கடைசியாக மூச்சுவிட்ட வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. வாசற்கதவை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு மாடம் உண்டு. தினமும் பொழுது சாய அதில் அவருக்காக ஒரு நல்லெண்ணெய் விளக்கு வைப்பேன்.

போன வருஷம் பலாப்பழ சீசனில் கரடி வந்தது. ஏற்காட்டில் கரடியா என்று கேட்காதீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். காலையில் கதவைத் திறந்தால் சுவரெல்லாம் நகக்கீறல், காரை பெயர்ந்து கிடக்கிறது. எஸ்டேட் கணக்கைப் பார்க்கிற ரைட்டர் வந்து பார்த்தார். "பட்டாசு வெடிச்சுப் பாருங்க டீச்சர். அதுக்கும் வந்துச்சுன்னா ஊட்டைக் காலி பண்ணிருங்க. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா ஓனருக்கு யாருங்க பதில் சொல்றது?" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. கரடியை நினைத்து அல்ல, காலி பண்ணுவதை நினைத்து.

நேரே பாய் கடைக்குப் போய், கரடி வந்ததைச் சொல்லிப் பட்டாசு கேட்டேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, தொரத்தறது அப்பறம். அது எதுக்கு வருதுன்னு மொதல்ல கேக்க வேண்டாமுங்களா?"

"கரடிகிட்டயா பாய் கேக்கறது?"

"கேக்கற மாதிரி கேட்டா அது சொல்லிப்போடுமுங்க."

மறுநாள் காலையே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றி வந்தார். மாடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "பலாப்பழ வாசமா இருக்குமுங்க" என்று சொல்லி, பக்கத்து மரங்களில் இருந்ததையெல்லாம் ஆள் விட்டு இறக்கினார். கரடி வந்தது. குப்பைக்குழியை மண் போட்டு மூடினார். வந்தது. கூரைக்கடியில் தேன்கூடு இருக்குமோ என்று ஏணி வைத்து ஏறி, குளவி கொட்டி, வீங்கிய கன்னத்தோடு இறங்கினார்.

அப்புறம், கரடி எந்தப் பக்கமாக வந்து எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். கடையிலிருந்து கோலமாவு கொண்டுவந்து வீட்டைச் சுற்றிச் சலித்துத் தூவினார். அசல் பச்சரிசி மாவு! சேர்வராயன் மலை எறும்பெல்லாம் என் வாசலில்தான். எறும்பைத் தின்ன வந்த கரடி வாசலையே தோண்டிப் போட்டுவிட்டுப் போனது. "விருந்துக்குல்ல கூப்பிட்டிருக்கீங்க!" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "கடைக்காரப் புத்திங்க. உங்க ஊட்டுக்குன்னு இருக்கறதுலயே நல்ல மாவா எடுத்தாந்துட்டேன்." அடுத்த நாள் ஒரு டப்பா நிறையக் கல்மாவு வந்தது. மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் 'எறும்பு திங்காது' என்று எழுதியிருந்தார்.

கல்மாவில் தடம் பளிச்சென்று விழுந்தது. வந்த தடமெல்லாம் மாடத்தடியில் போய் நின்றது. பாய் சுவரைக் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் நீட்டினார். நல்லெண்ணெய் வாசம். மாடத்திலிருந்து வழிந்து வழிந்து சுவரே எண்ணெய் குடித்திருந்தது. கரடி அதை நக்கத்தான் வந்திருக்கிறது. "வெளக்கை உள்ளார வெச்சுக்கலாமுங்களா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க ஊட்டு வழக்கமா இருந்தா இப்படிச் சொல்வீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதரைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாலு நாள் வீம்பாக வேறு கடையில் எண்ணெய் வாங்கினேன். ஐந்தாம் நாள் காலை கதவின் கீழ்ப்பலகை உடைந்து கிடந்தது. விளக்கை எடுத்து உள்ளே என் கணவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். ரைட்டர் எப்போது வருவாரோ என்று வாசலைப் பார்த்தால், ஸ்கூட்டரில் பாய் வருகிறார், ஒரு பை சீயக்காய்த் தூளோடு. "சுடுதண்ணி வையுங்க டீச்சரம்மா. எண்ணெய் போவோணுமில்லீங்க" என்றார். மத்தியானம் வரை இரண்டு பேரும் சுவரைத் தேய்த்தோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம், "இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றார். அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை கல்மாவில் தடம் விழுந்தது. வாசல் வரைக்கும் வந்து அப்படியே திரும்பியிருந்தது. ரைட்டர் வீட்டைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

போன வெள்ளிக்கிழமை பாய் வீட்டில், அவருடைய மனைவி மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் சொன்னார்: "மொத நாள் உங்க ஊட்டைப் பாத்துட்டு வந்தப்பவே சொன்னாங்க டீச்சரம்மா, வெளக்கெண்ணெய்க்குத்தான் கரடி வருதுன்னு. அப்ப அதைச் சொல்லிட வேண்டியதுதானேன்னு கேட்டேன். புருசனுக்குன்னு வெக்கற வெளக்கு, அதை எடுங்கன்னு நான் எப்படிப் போய்ச் சொல்றது, வேற வழி இருக்கான்னு பாக்கறேன்னாங்க."

பலாமரம், குப்பைக்குழி, குளவி கொட்டிய கன்னம், பச்சரிசி மாவு. எல்லாவற்றையும் அவர் கரடியிடம் கேட்ட கேள்வி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதில் தெரிந்திருந்தும், அதை என்னிடம் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி தேடியிருக்கிறார் மனிதர்.

கல்மாவு டப்பா பாதி மீதி இருக்கிறது. என் கணவர் படத்துக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். மூடியில் பாயின் கோணல் எழுத்து அழியாமல் இருக்கிறது: எறும்பு திங்காது.